பூட்டிய வீட்டிலும் பூக்கும் அடுக்கு நந்தியாவட்டை

செட்டிநாட்டுப் பக்கம் வீட்டைப் பல மாதங்கள் பூட்டிப் போட்டுவிட்டு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து பின்கட்டுக் கதவைத் திறந்தால், தோட்டத்தில் எது பிழைத்தது, எது போய்விட்டது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ரோஜா முதலில் போயிருக்கும். குண்டுமல்லி இலையை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். குரோட்டன்ஸ் பாதி கருகியிருக்கும். நந்தியாவட்டை மட்டும் இலைகளைச் சற்றே தொங்கவிட்டுக்கொண்டு, அந்த நிலையிலும் கிளை நுனிகளில் நாலைந்து வெள்ளைப் பூக்களோடு நிற்கும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊர் வீட்டில் என்ன செடி வைக்கலாம் என்று கேட்கும் உறவுக்காரர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில் இந்த ஒரு செடிதான். ஆனால் அவர்கள் நர்சரிக்குப் போய், இலையில் வெள்ளைக் கோடு ஓடும் குட்டை ரகம் ஒன்றை விலை கொடுத்து வாங்கிவந்து, சித்திரை வெயிலில் சுவரோரமாக நட்டுவிட்டு, அது பட்டுப்போனதும் மண்ணைக் குறை சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு நிற்கும் பழைய செடியிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்கினால், செலவும் இல்லை, இந்த ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய செடியும் கிடைக்கும். அந்தக் குச்சியை எப்போது வெட்டுவது, எப்படி வேர் பிடிக்க வைப்பது, பிறகு எங்கே நடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நந்தியாவட்டையில் ஒற்றை, அடுக்கு என்று இரண்டு வகை உண்டு. ஒற்றையில் ஐந்து இதழ்கள் காற்றாடியைப் போல ஒரே பக்கமாகச் சாய்ந்து திரும்பியிருக்கும். நடுவில் மெல்லிய மஞ்சள் வட்டம் தெரியும். அடுக்கு வகையில் இதழுக்குள் இதழாக ஓரம் சுருண்டு நிரம்பியிருக்கும். பகலில் மூக்கருகே கொண்டுபோனாலும் பெரிதாக மணம் தெரியாது. இருட்டிய பிறகு செடிப் பக்கம் போனால்தான் அதன் வாசம் புரியும். இரண்டிலும் இலை ஒன்றுதான்: கரும்பச்சையாகப் பளபளக்கும், ஓரம் லேசாக அலை அலையாக இருக்கும், எதிரெதிராக இரண்டிரண்டாக முளைக்கும். அந்த இரண்டில் ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருப்பதைக் கவனித்துப் பார்த்தால் காணலாம். ஒவ்வொரு கிளையும் நுனியில் இரண்டாகக் கவைத்துக்கொண்டு போகும். பூங்கொத்து பெரும்பாலும் அந்தக் கவையில்தான் வரும். இந்த வளர்ச்சி முறையை மனத்தில் வைத்துக்கொண்டால் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்வது பற்றிப் பின்னால் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்தச் செடிக்குப் பெயர் வைத்தபோது அரளியின் பேரினத்தில்தான் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் அதை, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் நினைவாகப் பெயரிடப்பட்ட டேபர்னேமான்டானா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். பேரினம் மாறினாலும் குடும்பம் ஒன்றுதான்: அரளி, நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலை, கோயில் நந்தவனங்களில் நிற்கும் ஈழத்தலரி எல்லாம் இதற்குப் பங்காளிகள். கிள்ளினால் பால் வடிவது, அந்தப் பாலில் நச்சு இருப்பது, ஆடு மாடு வாய் வைக்கத் தயங்குவது ஆகிய குணங்கள் எல்லாம் இந்தக் குடும்பத்து வழி வந்தவை. வேலி சரிந்து கிடக்கும் தோட்டங்களில் செம்பருத்தியை ஆடு மொட்டையடித்துவிட்டுப் போகும்போது, நந்தியாவட்டை தொடப்படாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

அடுக்குப் பூவில் மகரந்தம் தரவேண்டிய உறுப்புகள் இதழ்களாக மாறிவிடுவதால் அது காய்ப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே நம் ஊர்களில் நிற்கும் ஒவ்வொரு அடுக்கு நந்தியாவட்டையும் வேறொரு செடியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுதான். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருப்பது அப்பத்தா தம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊன்றியது. அந்த வீட்டுக்கு அது எங்கிருந்து வந்ததென்று கேட்டுச் சொல்ல இப்போது ஆள் இல்லை. அதிலிருந்து வெட்டிக் கொடுத்த குச்சிகள் தேவகோட்டையிலும் கோட்டையூரிலும் இப்போது புதராகி நிற்கின்றன. பூவின் அளவும் அடுக்கும் எங்கள் செடியில் இருப்பதைப் போலவே அங்கும் இருக்கின்றன.

இனி, எப்போது வெட்டுவது என்ற கேள்வி. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற வழக்கு விதைக்குப் பொருந்தும், குச்சிக்குப் பொருந்தாது. வேர் இல்லாத குச்சி தண்ணீரை மண்ணிலிருந்து உறிஞ்ச வழியில்லாமல், இலை வழியாக இழந்துகொண்டே இருக்கும். அம்மியையே நகர்த்தும் ஆடிக்காற்று அந்த இழப்பை இரட்டிப்பாக்கிவிடும். நம் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிடைக்கிறது. ஆனால் அடைமழை தொடங்கிய பிறகு ஊன்றினால் குச்சியின் அடி அழுகும் வாய்ப்பு அதிகம். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடியும் வரையிலான நாள்களில், மாலையில் இடி இடித்து ஒரு பாட்டம் மழை பெய்து, மறுநாள் காலையில் காற்றில் ஈரம் நிற்கும்; மண்ணில் வெதுவெதுப்பும் குறைந்திருக்காது. வேர் விடுவதற்கு இதைவிட நல்ல பருவம் இங்கே கிடையாது. மார்கழியில் ஊன்றினாலும் பிழைக்கும். குளிரில் மெதுவாகத்தான் வேர் விடும். பங்குனி முதல் ஆனி வரை கத்தரியைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

குச்சி எந்த முற்றலில் இருக்கவேண்டும் என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம் வருகிறது. நுனிப் பகுதி பச்சையாக, விரலால் வளைத்தால் வளைந்து கொடுக்கும், அது அழுகிவிடும். அடிப்பகுதி சாம்பல் நிறப் பட்டையோடு கட்டையாக இருக்கும். அது வேர் விட வெகுகாலம் எடுக்கும். இரண்டுக்கும் நடுவே, பச்சை மங்கிப் பழுப்பு ஏறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள பகுதிதான் வேண்டும். வளைத்தால் சிறிது வளைந்து, பிறகு 'பட்' என்று ஒடியவேண்டும். அரை அடியிலிருந்து முக்கால் அடி நீளத்துக்கு, குறைந்தது மூன்று கணுக்கள் இருக்கும்படி வெட்டலாம். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்வெட்டு நேராகவும் இருந்தால், பத்து குச்சிகளை ஒன்றாகப் போட்டு வைத்தாலும் தலை எது, அடி எது என்ற குழப்பம் வராது. தலைகீழாக ஊன்றிய குச்சி வேர் பிடிப்பது அரிது.

வெட்டியவுடன் பால் சொட்டுச் சொட்டாக வடியும். அதை அப்படியே மண்ணில் செருகக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் அடிப்பக்கத்தை அமிழ்த்தி வைத்தால், பால் தண்ணீரில் வெண்ணூலாக இறங்கி, சிறிது நேரத்தில் நின்றுவிடும்; பிறகு எடுத்து நிழலில் உலர்த்தினால் வெட்டுவாய் லேசாக இறுகும். இந்த வேலையின்போது கண்ணைக் கசக்கக்கூடாது, பால் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைகளைத் தூக்கக்கூடாது. வெள்ளைச் சேலையோ வேட்டியோ கட்டிக்கொண்டு போனால் கறையோடுதான் திரும்பவேண்டியிருக்கும். அடி இலைகளை எல்லாம் நீக்கிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றையும் குறுக்கே பாதியாக நறுக்கிவிடவேண்டும். மொட்டு இருந்தால் இரக்கப்படாமல் கிள்ளி எறியவேண்டும். வேருக்குப் போகவேண்டிய சத்தை மொட்டு தின்றுவிடும்.

வேர் ஊக்கி பற்றிக் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் பொடியில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம். அதில் தொட்டு ஊன்றினால் வேர் சீக்கிரமும் கூடுதலாகவும் வரும் என்பது உண்மைதான். நூறு இருநூறு குச்சி ஊன்றும் நர்சரிக்காரருக்கு அது தேவை. வீட்டுக்கு நாலு செடி வேண்டுபவர்கள் பத்து குச்சியாக ஊன்றினால் போதும், பொடி இல்லாமலே காரியம் நடக்கும். தேன், பட்டைப்பொடி, சோற்றுக்கற்றாழைச் சாறு என்று இணையத்தில் சொல்லப்படும் வைத்தியங்கள் எதுவும் நந்தியாவட்டைக்கு வேண்டியதில்லை.

ஊன்றும் மண் வடிகால் உள்ளதாக இருக்கவேண்டும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய தென்னை நார்க்கழிவு என்ற கலவை எனக்குப் பிடித்தமானது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் எம்-சாண்ட் போடுவதாக இருந்தால், அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, அதிலுள்ள கல்தூளைப் போக்கிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் நாலு மழைக்குப் பிறகு தொட்டி மண் சிமெண்டாக இறுகிப்போகும். எரு எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, சுற்றிலும் விரலால் நன்றாக அழுத்தி, காலை வெயில் சிறிதும் பகல் முழுவதும் நிழலும் கிடைக்கும் இடத்தில் வைக்கலாம். வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்தில் அப்படி அமைந்த மூலையும், பின்கட்டுத் தாழ்வாரத்தின் ஓரமும் இதற்கு வாகாக இருக்கும்.

பிறகு இருக்கும் ஒரே வேலை பொறுத்திருப்பது. அதுதான் கஷ்டமானதும் கூட. இரண்டு மூன்று வாரத்தில் கணுவில் இளந்தளிர் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்து வேர் விட்டுவிட்டதாக நினைக்கக்கூடாது. தண்டில் சேமித்து வைத்திருந்த சத்தைக் கொண்டு வந்த தளிர் அது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண், தளிரைக் கண்ட மகிழ்ச்சியில் ஒரு குச்சியை உருவி எடுத்துக்கொண்டு வந்து, "வேர் வந்திருக்கான்னு பாத்தேன் ஆச்சி, ஒண்ணையும் காணோமே" என்றாள். "தளிர் வந்தா வேர் வந்ததுன்னு அர்த்தமில்லேம்மா. நீ உருவலேன்னா அடுத்த மாசம் வந்திருக்கும்" என்றேன். உருவிய குச்சியின் வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு தடிப்பு கட்டியிருந்தது. அது வெட்டுக்காயம் ஆறிய தழும்பு. பெரும்பாலும் அந்தத் தடிப்புக்குப் பக்கத்திலிருந்துதான் வேர் கிளம்பும். ஊன்றியதிலிருந்து ஐந்து முதல் எட்டு வாரம் கொடுக்கவேண்டும். புதிய இலைகள் இரண்டு மூன்று இணையாக வந்து, அவை கரும்பச்சையாக முற்றி, பகல் வெயிலில் வாடாமல் நின்றால் வேர் இருக்கிறதென்று பொருள்.

குச்சி ஊன்ற நேரமில்லாதவர்களுக்குப் பதியன் இருக்கிறது. தாழ்வாகப் படர்ந்திருக்கும் கிளையைத் தரைக்கு வளைத்து, மண்ணில் படும் இடத்தில் பட்டையைச் சுரண்டி, ஒரு கை மண் அணைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டால் போதும். தாய்ச்செடியே தண்ணீர் ஊட்டுவதால் வாடும் பேச்சே இல்லை. மழைக்காலம் முழுவதும் விட்டுவைத்துத் தை மாதத்தில் வெட்டிப் பிரிக்கலாம். உயரத்தில் உள்ள கிளைக்கு, அது இருக்கும் இடத்திலேயே ஈர மண்ணை வைத்துக் கட்டி வேர் விடவைக்கும் விண்பதியன் போடலாம் என்றாலும், குச்சியிலேயே எளிதாக வரும் செடிக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

நடும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் பகுதியில் மேலே செம்மண்ணும் சரளையும், பல இடங்களில் ஒன்றிரண்டு அடிக்குக் கீழே கெட்டியான செம்புராங்கல்லும் இருக்கும். கடப்பாரை இறங்காத இடத்தில் குழி எடுக்க ஆளுக்குக் கூலி கொடுப்பதைவிட, நாலு அடி தள்ளி வேறு இடம் பார்ப்பது புத்திசாலித்தனம். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மட்கிய தொழு எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பினால் நந்தியாவட்டைக்கு அதுவே போதுமானது. தனிப் புதராக வளர்க்க ஐந்து அடியும், வேலியாக அடர்த்தியாக வேண்டுமானால் மூன்று அடியும் இடைவெளி விடலாம்.

ஆனால் பழைய வீடுகளின் தோட்டத்தில் வேறொரு சிக்கல் உண்டு. சுவர்களெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசியவை. இரண்டாங்கட்டோ ஆட்டுக்கொட்டகையோ இடிந்து விழுந்த இடத்தில், அந்தக் காரை மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கும். மேலே பார்த்தால் செம்மண்ணாகத் தெரியும். ஒரு சாண் தோண்டினால் வெள்ளைத் துகள் வரும். அங்கே நட்ட நந்தியாவட்டையில் புதிதாக வரும் இலைகள் எல்லாம் மஞ்சளாகவும், நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இருக்கும். அது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். செம்மண்ணுக்குச் சிவப்பு நிறமே இரும்பினால்தான் வந்தது. அவ்வளவு இரும்பு இருந்தும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடுவதால், வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மட்டுமே ஊற்றி வளர்க்கும் தொட்டிச் செடிகளிலும் நாளடைவில் இதே மஞ்சள் தோன்றும். இதைப் பார்த்துவிட்டு யூரியாவை அள்ளிப் போடுவது வீண் வேலை.

காரை கலந்த மண்ணை அகலமாகத் தோண்டி அப்புறப்படுத்தி, கண்மாய்க் கரையோரத்துச் செம்மண்ணை இட்டு நிரப்புவதே நிரந்தரத் தீர்வு. உடனடி நிவாரணத்துக்கு, உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை தெளித்தால் புது இலைகள் பச்சையாக வரத் தொடங்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள், தெளிப்பதற்கு முன் தொட்டியை வெளியே தூக்கி வைத்துவிடுங்கள். அன்னபேதித் தண்ணீர் தரையில் சொட்டினால் படியும் துருக்கறை எந்த விளக்குமாற்றுக்கும் அசையாது.

குச்சி வேர் பிடித்த பிறகு நிலத்தில் எப்போது நடுவது என்பது வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. ஊரிலேயே குடியிருப்பவர்கள் கார்த்திகைக் கடைசியில் நட்டு, முதல் கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் விட்டுக் காப்பாற்றிவிடலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புபவர்கள், பையில் வைத்த செடியை வீடு பார்த்துக்கொள்பவரிடம் விட்டுவிட்டு, அடுத்த புரட்டாசியில் நடவேண்டும். நட்ட பிறகு வரும் முதல் கோடையைத் தாண்டிய செடிக்கு அப்புறம் மழை ஒன்றே போதுமானது. நீரில்லாக் காலத்தில் இலை தொங்கும், பூ சிறுக்கும். ஒரு மழைக்கு நிமிர்ந்துவிடும்.

பூச்சி என்றால் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் எப்போதாவது வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து அடித்தால் அடங்கும். அதைவிடச் சுவையான விருந்தாளி ஒருவர் உண்டு. மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு கிளை முழுவதும் இலையில்லாமல் காம்பு மட்டும் நிற்கும். கீழே தரையில் மிளகைவிடப் பெரிய கரும்பச்சை எச்சங்கள் சிதறியிருக்கும். அந்த எச்சங்களுக்கு நேர் மேலே தேடினால், விரல் பருமனில் இலையின் அதே பச்சையில் ஒரு புழு கிளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும். தொட்டால் தலையைக் குனிந்துகொள்ளும்; அப்போது கழுத்துப் பக்கத்தில் நடுவே வெண்மையும் சுற்றிலும் கருவட்டமும் கொண்ட இரண்டு நீலக் கண்கள் விரிந்து நம்மை முறைக்கும். அவை உண்மையான கண்கள் அல்ல. பறவையை மிரட்டுவதற்கான வேடம். பின்புறத்தில் சிறிய மஞ்சள் கொம்பு ஒன்றும் இருக்கும். அரளிச் செடியிலும் வளர்வதால் அரளி அந்துப்பூச்சி என்று இதைச் சொல்வார்கள். முற்றியதும் நிறம் பழுப்பாக மாறி, கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகி, பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த வரிகள் ஓடும் பெரிய அந்துப்பூச்சியாகப் பறந்துபோகும். வளர்ந்த செடிக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை, தின்ற கிளை சீக்கிரமே தழைத்துவிடும். ஆகையால் இதற்கு மருந்தடிப்பதை நான் விரும்புவதில்லை. சின்னச் செடியில் இருந்தால் மட்டும் கிளையோடு எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடலாம்.

கவாத்தும் குச்சி வெட்டுவதும் ஒரே வேலையாக முடிவது இந்தச் செடியின் வசதி. பூ வருவது நுனிக் கவைகளில் என்பதால், மாதந்தோறும் வேலியைச் சீவுவதுபோல் வெட்டிக்கொண்டே இருந்தால் இலை அடர்த்தியாகும், பூ குறையும். புரட்டாசியில் ஒருமுறை, உயர்ந்துபோன கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, உள்ளே காய்ந்து கிடக்கும் சுள்ளிகளை நீக்கினால் போதுமானது. வெட்டிய கிளைகளில் நடு முற்றல் குச்சிக்கு ஆகும், மீதி எருக்குழிக்குப் போகும்.

கண்ணெரிச்சலுக்கு நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பூவைக் கண்மேல் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சாறு பிழிந்து கண்ணில் விடுவதை, இந்தச் செடியின் பால் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் செய்யமாட்டார்கள்.

ஒற்றை வகை காய்க்கும் என்பதால் விதையிலும் வளர்க்கலாம். ஒரே காம்பில் இரண்டு காய்கள் கொக்கிபோல் வளைந்து எதிரெதிராக நிற்கும். பழுத்து வெடித்தால் உள்ளே செந்நிறச் சதை விதைகளைச் சுற்றியிருக்கும். கொண்டைக்குருவிகள் வருவதற்குள் எடுத்து, சதையைக் கழுவிவிட்டு, காயவைத்துச் சேமிக்காமல் உடனே விதைக்கவேண்டும். ஆனால் விதையில் வந்த செடி பூக்க நாளாகும். தோட்டத்து எல்லையில் வேலிக்கு ஒற்றையும், பூப்பறிக்கக் கைக்கெட்டும் கிணற்றடிக்கு அடுக்கும் என்று பிரித்து நட்டால் இரண்டின் பயனும் கிடைக்கும்.

ஊரிலிருந்து சென்னைக்குக் குச்சி கொண்டுபோக விரும்புபவர்கள், பாலை நிறுத்திய பிறகு வெட்டுவாயை ஈரத்துணியில் சுற்றி, வாழை மட்டைக்குள் வைத்துக் கட்டி, பேருந்தில் வெயில் படாத பக்கமாக வைத்தால் இரண்டு நாள் வரை தாங்கும். ஒற்றைக்கும் அடுக்குக்கும் இலையில் வித்தியாசம் தெரியாது என்பதால், கட்டும்போதே அடுக்குக் குச்சிகளுக்கு ஒரு சிவப்பு நூல் சுற்றிவிடுங்கள்.